மூன்று மில்லிமீட்டர்

வினிபெக். வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
கண்ணாடிக் குழலுக்குள் முப்பத்தேழு.
அறுவை அரங்கிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்த
இதயத் துணுக்கு
கொக்கியில் தொங்குகிறது.
உப்பு, சர்க்கரை, குமிழ் குமிழாய் ஆக்சிஜன்:
இவ்வளவுதான் அது கேட்பது.
நூல் கட்டும்போது நடுங்கியது
என் விரல்தான்.

ஒரு மணிநேரம் நேர்கோடு.
மின்தூண்டலுக்கும் அசையவில்லை.
சுவிட்சை அணைத்து ஜாக்கெட்டை மாட்டினேன்.

திரையில் ஒரு மேடு.

பிறகு, அவசரமில்லாமல்,
இன்னொன்று.

படிவத்தில் பெயர் இல்லை: ஆண், அறுபத்தாறு,
சம்மதம் என்ற கட்டத்தில்
கோணலாய் ஒரு டிக்.
நான்காம் மாடியில், தைத்த மார்போடு,
அவர் தூங்கிக்கொண்டிருக்கலாம்.

மருந்து விடவேண்டிய நேரம்.
பிப்பெட்டைப் பிடித்தபடி
இன்னும் பத்துத் துடிப்பு என்கிறேன்.

பதினேழு ஆகிவிட்டது.