ஒன்பதாம் மேசை

வல்தாரிஸ் ஊரில் இருநூற்றுப் பத்துப் பேர்.
ஜூன் முதல் ஞாயிறு மட்டும் இரண்டாயிரம்.
கார் நிறுத்த இடமில்லாமல்
பாதிரியாரின் உருளைக்கிழங்குப் பாத்தியைக்கூடக்
கேட்டுவிட்டார்கள்.

கீரைத் திருவிழா.
தேவாலய முற்றத்தில் பதினோரு மேசைகள்,
மேசைக்கு ஓர் அடுப்பு, அடுப்புக்கு ஒரு வீடு,
வீட்டுக்கு ஒரு சண்டை.
சார்சொன்ஸ் என்பது வேறொன்றுமில்லை,
மாவை அரைநிலவாய் மடித்து
உள்ளே மலையை வைத்து மூடுவது.
பதினேழு கீரை என்பார் ஒருவர், நாற்பது என்பார் அடுத்தவர்.
புகைபோட்ட பாலாடை, உலர்திராட்சை, பட்டை,
மேலே பொன்னாய் உருகிய வெண்ணெய்.

எட்டு ஆண்டாக நான்தான் நடுவர்.
முப்பது வருடம் தபால் சுமந்தவன்
யார் பக்கமும் சாயமாட்டான் என்று யாரோ சொன்னார்கள்.
யாரும் மறுக்கவில்லை.

மூன்று ஆண்டுக்கு முன் ஒரு காய்ச்சல்.
போகும்போது என் மணத்தை எடுத்துக்கொண்டு போனது.
மூக்கு முகத்தில்தான் இருக்கிறது,
உள்ளே ஆள் இல்லை.
சாணியும் கோடை வைக்கோலும் ஒன்று.
காப்பி, சூடான கசப்பு.
நாக்கு பாவம்,
உப்பு புளிப்பு இனிப்பு கசப்பு என்று
தெரிந்த நாலெழுத்தை வைத்துக்கொண்டு
நாற்பது கீரையை எப்படி வாசிக்கும்?

யாரிடமும் சொல்லவில்லை.
சொன்னால் இந்த ஞாயிறில்
எனக்கு என்ன வேலை?

அதனால் பார்க்கக் கற்றேன்.
ஒத்தாவியா தட்டை வைக்கையில் கட்டைவிரல் நடுங்கினால்
புதிதாக எதையோ சேர்த்திருக்கிறாள்.
ஒதொரிகோவின் மூன்று மகன்களும்
பேசாமல் மென்றால் நல்ல தட்டு,
உப்பு கேட்டால் இல்லை.
பிறகு கண்ணை மூடி நீளமாக மூச்சிழுத்து
"வடக்குச் சரிவு, பனி விட்ட வாரம்" என்பேன்.
கூட்டம் தலையாட்டும்.
தோற்றவர்கள் என்னைத் திட்டியபடி குடிக்கப் போவார்கள்,
ஜெயித்தவர்களும் அங்கேதான்.

இந்த முறை ஒன்பதாம் மேசை.
எர்மெலிந்தா தட்டை நீட்டிச் சிரித்தாள்.
ஓய்வூதியக் காசோலை கொடுத்த நாளிலும்
அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.
கடித்தேன். உப்பு. இனிப்பு.
வெண்ணெயின் வழவழப்பு.
அக்கார்டியன் நின்றது.
ஊர் நடுவே மூக்கறுபடப் போகிறேன்,
அறுக்க மூக்கு மிச்சமில்லாதவன்.

அவள் கையைப் பார்த்தேன்.
ஏப்ரலிலிருந்து ஜூன் வரை
எர்மெலிந்தாவின் நகங்கள் பச்சை.
காட்டுக்கீரை கிள்ளிய கறை
எந்தச் சோப்புக்கும் மசியாது.
இன்று வெள்ளைவெளேர்.

"இதில் மலையே இல்லை" என்றேன்.
"கடையில் வாங்கிய பசலை."

முற்றம் கைதட்டி ஓய நேரமாயிற்று.
அவள் குனிந்து
மேசைக்கு அடியிலிருந்து இன்னொரு தட்டை எடுத்தாள்,
தங்கை கிள்ளிக் கொடுத்தது, அசல்.
அதற்கு என்னால் மதிப்பெண் போட முடியவில்லை.
பேனா எழுதவில்லை என்றேன்.
பரிசு ஒதொரிகோ வீட்டுக்குப் போனது.
அங்கே மூத்தவன் உப்பு கேட்டிருந்தான்.

இருட்டியபின் பெஞ்சுகளை மடக்கிக்கொண்டிருந்தேன்.
வந்து நின்றாள்.
"நகத்தைத்தானே பார்த்தாய்?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை.
அவள் கையில் ஒரு ஸ்க்லோபித் தண்டு,
வெள்ளைப் பூவுக்குக் கீழே ஊதிய சின்னப் பை.
அதன் வாயை இறுக்கிப் பிடித்து
என் நெற்றியில் அடித்தாள்.

ட்டப்.

சின்ன வயதில் எல்லோரும் செய்ததுதான்.
இந்தச் சத்தத்தால்தான் அதற்கு அந்தப் பெயர்,
வாசனையால் அல்ல.

"இது கேட்டதா?"
கேட்டது என்றேன்.

"அடுத்த வருடம் கையுறை போட்டுக்கொண்டு வருவேன்"
என்றபடி
பெஞ்சின் மறுமுனையைத் தூக்கினாள்.