நூற்றுப் பதினெட்டுச் சாவிகள்

தெற்கு வாசல் சென்சாருக்கு
ஆள் எது காற்று எது என்று தெரியாது.
பனித்தூள் கொஞ்சம் சுழன்று வந்தால் போதும்,
இரண்டு கண்ணாடிக் கதவும்
மரியாதையாய் விலகி வழிவிடும்.
இன்று காலை பதினோரு முறை திறந்தது.
பத்து, பனிக்கு.
ஒன்று, நகக்கடை ஹுவாங்குக்கு.

ஒஹையோவில் சனவரி.
ஈ ஓட்டலாம் என்றால் ஈயும் இல்லை.
ஹுவாங் தன் நகங்களுக்கே
சிவப்பு பூசி, அழித்து, மறுபடி பூசுகிறாள்.
அடுத்த கதவில் வரிக் கணக்கு பார்க்கும் கிரெக்,
ஏப்ரல் வரை இருப்பான்.
அப்புறம் காது மெஷின் கடை,
ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் அறை.
அங்கே அட்டையில் வெட்டிய சிப்பாய் மட்டும்
விளக்கணைத்த பிறகும் விறைப்பாக நிற்கிறான்.

என் இடுப்பில் நூற்றுப் பதினெட்டுச் சாவிகள்.
ஒன்பதுக்குத்தான் வேலை.
மற்றவற்றைக் கழற்றி வைக்கலாம்,
வைக்கவில்லை.
இருட்டு நடையில் முதலில் சாவிச் சத்தம் போகும்,
பின்னால் நான் போவேன்.
பழகிவிட்டது.

பெரிய கடை போன அன்று
ஏணி வைத்து எழுத்துகளைக் கழற்றினார்கள்.
சுற்றிலும் முப்பத்தோரு வருடக் கரி,
எழுத்து இருந்த இடம் மட்டும் வெளுப்பு.
இருந்தபோது பாதி விளக்கு எரியாது.
இப்போது நெடுஞ்சாலையிலிருந்தே
பெயரைப் படிக்க முடிகிறது.

மாலை ஏலம் விட்டது
காலை பத்து மணிக்கு,
கணினித் திரையில், பதினெட்டு நிமிடத்தில்.
எடுத்தவர் யார் என்றால் ஒரு தபால் பெட்டி எண்.
கூப்பிட்டால் பியானோ வாசிக்கிறார்கள்.

நகர மன்றத்தில் படம் போட்டுக் காட்டினார்கள்.
கிடங்கு என்றார் ஒருவர்.
மருத்துவமனை என்றார் இன்னொருவர்.
இடித்துப் புல் விதைத்துவிடலாம் என்றது
பின்வரிசையில் ஒரு குரல்,
அதற்குத்தான் கைதட்டல் அதிகம்.
படத்தில் மரங்களெல்லாம் ஏற்கெனவே வளர்ந்திருந்தன.
நான் எழுந்து
கூரை ஒழுகலைப் பற்றிக் கேட்டேன்.
அது இரண்டாம் கட்டத்தில் வரும் என்றார்கள்.
முதல் கட்டத்துக்கு ஆறு வாளி வாங்கினேன்,
என் காசில்.

ஏழு மணிக்கு நடப்பவர்கள் வருவார்கள்.
வெளியே பாதையெல்லாம் பனிக்கட்டி,
சறுக்கினால் இடுப்பு போகும்.
ஒன்றும் வாங்க மாட்டார்கள்;
வாங்க எதுவும் இல்லை என்பது வேறு விஷயம்.
அதில் புரோஹாஸ்கா சகோதரர்கள்,
ஸ்டானும் லியோனார்டும்.
அப்பாவின் படகு யாருக்கு என்று ஆரம்பித்து
பன்னிரண்டு வருடமாகப் பேச்சு இல்லை.
ஒருவர் கடிகாரம் சுற்றும் பக்கம்,
மற்றவர் அதற்கு எதிர்ப்பக்கம்.
ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எதிர்ப்படுவார்கள்.
அந்த நேரம் பார்த்து இருவருக்கும்
காலிக் கடை ஜன்னலில்
ஏதோ சுவாரசியமாகத் தெரியும்.

பிப்ரவரியில் உத்தரவு வந்தது:
மேற்குப் பகுதிக்கு ஹீட்டர் கிடையாது, அடை.
பிளைவுட் பலகை, நாற்பத்திரண்டு.
இரண்டு நாள் நானே அடித்தேன்.
சுற்றுப்பாதை இருந்த இடத்தில்
ஒரு நீள நடை மிச்சம்,
போய்த் திரும்பத்தான் முடியும்.

இதை நான் யோசிக்கவே இல்லை.

மறுநாள் ஏழேகாலுக்கு
பிளைவுட் முன்னால் இருவரும் நின்றார்கள்.
கோட்டு, குல்லாய், வாயில் புகை.
அதற்கு மேல் போக வழியில்லை,
திரும்பினால் இருவருக்கும் ஒரே திசை.
ஸ்டான் பலகையை விரலால் தட்டிப் பார்த்தார்.
"ஆணி கோணல்" என்றார்,
பலகையிடம்.

லியோனார்ட் குனிந்தார்,
ஷூ லேஸ் கட்டுகிற மாதிரி,
அண்ணன் முன்னால் போகட்டும் என்று.
அவர் ஷூவில் லேஸே கிடையாது, ஒட்டுப்பட்டைதான்.
பிரித்து ஒட்டினார். மறுபடி பிரித்து ஒட்டினார்.
அந்தக் கரகர சத்தம்
நடை முழுக்கக் கேட்டது.
ஸ்டான் போகாமல் நின்றார்.

நான் பார்க்காதவள் போல
வாளியைத் தூக்கினேன்.
முக்கால்வாசி நிறைந்திருந்தது.