மூன்றாவது லைன்

ஐந்தே கால் பாசஞ்சர் குப்பத்தை விட்டால்
மல்லானூர், பிறகு பச்சூர்.
நடுவில் எங்கோ மாநிலம் மாறுகிறது.
தூங்குகிறவர்கள் யாரும் விழிப்பதில்லை.

ஆம்பூரில் எனக்கு மூன்றாவது லைன்.
மொக்காசின்.
முன்தோலைச் சுருக்கிச் சுருக்கி
மேல்தோலோடு சேர்க்கும் கைத்தையல்,
ஒரு காலுக்கு முப்பத்தாறு குத்து.
அது எந்த ஊர்ப் பெயரென்று
பதினோரு வருஷத்தில் கேட்டதில்லை.

சனிக்கிழமை யசோதரா போனை நீட்டினாள்.
பல்கலைக்கழகத்தில் மொழி ஆராய்ச்சி செய்கிறவள்,
வாரக் கடைசியில் வாணியம்பாடி வீட்டுக்குப் போவாள்.
படத்தில் உப்பு ஏரிக் கரையில் ஒரு குகை,
குகைக்குள் காட்டெருமைத் தோல் செருப்புகள்.
எழுநூறு வருஷத்துக்கு மேல், மக்காமல்.

"அபாச்சி, நவஹோ ஆட்களின் முன்னோர்
வடக்கே பனிக்காட்டிலிருந்து
தெற்கே நடந்தபோது விட்டவை என்கிறார்கள்.
எரிமலைச் சாம்பலுக்குப் பயந்து கிளம்பினார்களோ என்னவோ.
அடித்துச் சொல்ல முடியாது."

நான் விரலால் பெரிதாக்கினேன்.
அதே சுருக்கு.
குதிகாலில் ஒற்றைக் கோடு.
கடைசி மூன்று குத்து மட்டும் அகலம்,
தைத்தவளுக்கு ஏதோ அவசரம்.
எங்கள் சூப்பர்வைசர் என்றால் திருப்பியிருப்பார்.

ரெட்டெம்மா டப்பாவைத் திறந்தாள்,
வேகவைத்த மொக்கஜொன்ன.
யசோதரா சிரித்தாள்:
தெற்கே வந்து இதை முதலில் பார்த்தவர்கள்
'எதிரியின் சாப்பாடு' என்று பெயர் வைத்தார்களாம்.
அப்புறம் அதையே விதைத்தார்கள், அதையே கும்பிட்டார்கள்.
பெயரை மட்டும் மாற்றவில்லை.
விதை மண்ணில் கிடக்கிறது என்பதற்கு
பனி கிடக்கிறது என்ற பழைய சொல்லைத்தான்
இன்னும் வைத்திருக்கிறார்களாம்.

கப்பலேறி அது இங்கே வந்தபோது
மக்காவிலிருந்து வந்ததென்று நம்பிய யாரோ
மக்காச்சோளம் என்றுவிட்டார்.
நாங்களும் மாற்றவில்லை.
உப்பு தொட்டுத் தின்றோம்.

"பாவம், பெரும்பாலும் குழந்தைச் செருப்பு" என்றாள்,
குரல் இறங்கிவிட்டது.
பஞ்சம், நோய், பனி
என்று எதையோ நினைத்திருப்பாள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை.
ஜூனில் மகனுக்கு வாங்கிய ஷூ
தீபாவளிக்குள் கட்டைவிரலைக் கடிக்கிறது.
வீட்டுப் பரணில் அவன் விட்ட ஜோடிகள் ஐந்து.
அந்தக் குகையிலும்
சாப்பாடு இருந்திருக்கிறது,
கால்கள் வளர்ந்திருக்கின்றன,
அவசரக்காரி மறுபடி தோலை நனைத்திருக்கிறாள்
ஒரு சைஸ் கூட்டி.

பச்சூர் தாண்டியிருந்தது.