கொண்டதை விட்ட வாய்

அளவுகோலை ஊன்ற இடம் தேடினேன்.
கரையில் ஒரு கட்டை கிடந்தது.
அதன்மேல் கால்வைக்கப் போனபோது
கட்டை ஒரு கண்ணைத் திறந்தது,
என்னைப் பார்த்தது,
பார்க்க ஒன்றுமில்லையென்று மூடிக்கொண்டது.

"வெயிலை மறைக்காதீர்கள், அவருக்குக் குளிர்கிறது"
என்றாள் திப்போக்கோ,
மணலால் பானை தேய்த்துக்கொண்டே,
திரும்பாமல்.

ஜனவரி. ஹர்மாட்டான் காற்று
பாலைவனப் பொடியை என் தேநீரில் தூவி
மிச்சத்தைப் படிவத்தில் தூவியிருந்தது.
வகாடுகுவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தவன் நான்,
நீர்த்துறைக்காக
இந்தக் குளத்தின் ஆழத்தைக் குறித்துக்கொண்டு போக.
படிவத்தில் பதினாறு கட்டங்கள்.
ஒன்பதாவது: அபாயங்கள், எண்ணிக்கையுடன்.

எண்ணினேன்.
கரைமேல் ஆறு. அல்லிக்கொடிக்குள் நாலு.
காயப்போட்ட துணிக்கு அடியில்
வாலை மட்டும் வெளியே விட்டுக்கொண்டு ஒன்று.
அந்த வாலில்
ஒரு பையன் செருப்பு உலர்த்தியிருந்தான்.

காவலர் பெயர் நொவாகா.
மோசி மொழியில் கோழி.
மூன்று பிள்ளைகள் தங்காமல் போனபின்
ஒரு கோழியைக் கொடுத்து வாங்கினார்களாம் இவரை.
"முதலைக்குக் கோழி போடுவது கோழியின் வேலை"
என்று தேய்ந்த நகைச்சுவையைச் சொல்லி
நான் சிரிக்கக் காத்திருந்தார்.
சிரித்தேன்.
இதற்குமுன் சிரித்த வெளியூர்க்காரர்
வந்து மூன்று வருடமாகிறதாம்.
சாலை கெட்டுவிட்டது, என்றார்.
தார் நன்றாகவே இருந்தது.
அவர் தாரைச் சொல்லவில்லை.

ஒரு வெள்ளைக் கோழிக்குக் காசு கொடுத்தேன்,
துறைக் கணக்கில் வராது, என் காசு.
கம்பின் நுனியில் கட்டி நீட்டினார்.
வாய் திறந்தது.
மூடியது, பெட்டிமூடி விழுந்த சத்தத்தோடு.
முதலை கொண்டது விடாது என்பார்கள்.
இது விட்டது.
பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில்
கோழி சற்று நேரம் யோசித்தது.
பிறகு அதன் மூக்கின் வழியே நடந்து
நனைந்த இறகோடு கரைக்கு வந்து
தும்மியது.

"இந்தக் குளிரில் அவர்களுக்குப் பசிக்காது" என்றார் நொவாகா.
"முன்பே சொல்லியிருக்கலாம். உங்கள் காசு."
பிறகு,
"கொடுத்ததை நாங்கள் திரும்ப எடுத்துத் தின்னக்கூடாது."

அப்போதுதான் டிக்கோ வந்தாள்.
வடக்கே எரிந்த ஊரிலிருந்து
ஐந்து பிள்ளைகளும் பாதிப் பாயுமாக
சென்ற வருடம் வந்தவள்.
இருட்டில் வந்து, இந்தக் கரையில் படுத்து,
கட்டைகள் என்று நினைத்தே தூங்கினாளாம்.
விடிந்ததும் ஓடவில்லையா, என்றேன்.
"ஓடித்தானே வந்தேன்" என்றாள்.
"அதற்குமேல் எங்கே?"

கோழியைத் தூக்கி அக்குளில் இடுக்கினாள்.
"நான் யாருக்கும் கொடுக்கவில்லையே."
நொவாகா முதலையைப் பார்த்தார்.
முதலை கண் மூடியிருந்தது.
அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு
கம்பைத் துடைக்கத் தொடங்கினார்.

ஆழம் ஒரு மீட்டர் நாற்பது.
ஒன்பதாவது கட்டத்தில்
பதினொன்று என்று எழுதினேன்.
மை காயுமுன் தூசி ஒட்டியது.
அடித்துவிட்டு,
சாலை, என்று எழுதினேன்.
எண்ணிக்கை: ஒன்று.

வண்டியைக் கிளப்பும்போதும்
டிக்கோவின் அக்குளுக்குள்
கோழி தும்மிக்கொண்டிருந்தது.