ஐந்தாவது டெஸ்ட்

ஷெர்வோய் துறைமுகம்.
நவம்பர் இருபத்தாறு, காலை ஏழு.
ஜன்னலில் தெரிவது என் முகம் மட்டும்.
இன்றிலிருந்து சூரியன் வராது,
இனி ஜனவரியில்தான்.

சால்மன் கூண்டுகளுக்குத் தீவனம் பிரிக்கும் நிரல்
நள்ளிரவு தாண்டியதும் நின்றுவிட்டது.
கடைசி வரியில் ஒரு முனகல்:
பூஜ்ஜியத்தால் வகுக்க முடியாது.

ஃபங்ஷன் சின்னது, மூன்றே வரி.
மொத்தத் தீவனத்தைப் பகல் மணிகளால் வகுக்கும்,
விடையைத் திருப்பித் தரும்.
பெர்கனில் உட்கார்ந்து ஓட்வார் எழுதியது.
அங்கே டிசம்பரிலும் ஏதோ கொஞ்சம்
வெளிச்சம் வந்துபோகும்.
அவனைச் சொல்லிக் குற்றமில்லை;
தன் ஜன்னலை வைத்து உலகத்தை அளந்துவிட்டான்.

ஆனால் டெஸ்ட் இருக்கிறதே.
செப்டம்பரில் நானே எழுதினேன்,
பகல் பூஜ்ஜியம் என்று கொடுத்து.
தினமும் பச்சை. தினமும் தேறியது.

சந்தேகம் வந்து ஃபங்ஷனை வேண்டுமென்றே உடைத்தேன்.
என்ன கேட்டாலும் நாற்பத்தொன்று என்று சொல்லவைத்தேன்.
நான்கும் தோற்றன.

நான்கா?
காபியைக் கீழே வைத்தேன்.
நான் எழுதியது ஐந்து.

ஐந்தாவதின் பெயரில்
‘ஈ’யும் ‘எஸ்’ஸும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன.
பெயர் டெஸ்ட் என்று தொடங்காவிட்டால்
ஓட்டும் கருவி கூப்பிடுவதே இல்லை.
வருகைப் பதிவில் பேரில்லாத பிள்ளை
இரண்டரை மாதமாய்க் கடைசி பெஞ்சில்
கையைத் தூக்கியபடியே இருந்திருக்கிறது.

எழுத்தைத் திருத்தினேன்,
உடைத்ததைப் பழையபடி வைத்தேன், ஓட்டினேன்.
நான்கு பச்சை. ஒரு சிவப்பு.
அப்பாடா.
கிழக்கில் வராதது திரையில் வந்தது.

அப்புறம்தான் கண்ணில் பட்டது,
சமக்குறிக்கு வலப்பக்கம் நானே எழுதிவைத்த எண்:
பகல் பூஜ்ஜியமென்றால் தீவனமும் பூஜ்ஜியம்.
ஒரே ஒரு ‘இஃப்’ போட்டால் போதும்,
ஐந்தும் பச்சையாகிவிடும்.
அந்தப் பச்சைக்குக் கீழே
தொண்ணூறாயிரம் மீன் தை வரைக்கும் பட்டினி கிடக்கும்.

மேலங்கியை மாட்டிக்கொண்டு மிதவைக்குப் போனேன்.
ஐலெர்ட் கைப்பிடியில் பனி சுரண்டிக்கொண்டிருந்தான்.
"வெளிச்சமே இல்லாத நாளில்
எத்தனை மணி நேரம் போடுவாய்?"
அவன் சுரண்டியால் கூண்டைக் காட்டினான்.
தண்ணீருக்கடியில் விளக்குகள்,
கலங்கிய மஞ்சள் வட்டங்கள்.
"இரவென்று மீனுக்கு யார் சொன்னார்கள்?
எட்டு மணி நேரம் போடு.
மேலே வருவது நின்றால் நிறுத்து."

திரும்பி வந்து
வலப்பக்கத்து எண்ணைத்தான் முதலில் மாற்றினேன்.
இருநூற்று நாற்பது கிலோ, பகல் பூஜ்ஜியம், விடை முப்பது.
சிவப்பு. இருக்கட்டும்.
அதற்குப் பிறகே ஃபங்ஷனைத் தொட்டேன்.

ஐந்து பச்சை.
விரல்விட்டு எண்ணினேன், ஐந்து.

மேலே வருவது நின்றால்?
அதை எந்த ஃபங்ஷனும் இன்னும் கேட்கவில்லை.
ஆறாவதற்கு
இப்போதைக்குப் பெயர் மட்டும் வைத்தேன்,
எழுத்துக்கூட்டி.