எங்கிருந்து விழுந்தார்

ஏழாம் வாட்டிலிருந்து வரும் சீட்டுகளில்
டொக்டர் அகிலரூபனின் எழுத்து
மழைக்கு முன்னம் எறும்பு ஊர்ந்த மாதிரி.
கடைசிப் பக்கத்தில், காரணம் என்ற கட்டத்தில்
ஆங்கிலத்தில் நாலெழுத்து.
விழுந்தது. அவ்வளவுதான்.

என் புத்தகத்துக்கு அது போதாது.
மரத்தால் விழுந்தால் டபிள்யூ பதினாலு.
கட்டிலால் என்றால் ஆறு, படியால் பத்து,
கிணற்றுக்குள் என்றால் பதினேழு.
ஒன்றுமே தெரியாவிட்டால் பத்தொன்பது.
அதைப் போட எனக்கு மனம் வராது.
கொழும்பில் யாரோ கூட்டிப் பார்க்கையில்
யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம்
காற்றிலிருந்து விழுந்ததாய் இருக்கும்.

பச்சைத் துண்டில் எழுதி அனுப்புவேன்:
எங்கிருந்து விழுந்தார்? தயவுசெய்து.
இராசநாயகம் கொண்டுபோய்க் கொண்டுவருவார்.
'முறிஞ்ச எலும்புக்கு அது தெரியாது'
என்று வரும் பதில்.
இன்னொரு நாள், 'மேலேயிருந்து.'
ஒரு துண்டைக் கன்ரீனில்
வடைக்குக் கீழே கண்டாராம்.

இரண்டு வருசம் இப்படி.
முகம் பார்த்தது ஒரேயொரு தரம், லிஃப்ற்றுக்குள்.
என்னைக் கணக்குப்பகுதி என்று நினைத்து
மேலதிக நேரக் காசு எப்ப வரும் என்று கேட்டார்.

புரட்டாதியில் ஒரு சீட்டு.
பெண், முப்பத்தொரு வயது, இடது மணிக்கட்டு.
விழுந்தது.
இலக்கத்தைத் தட்டினேன்,
பழையவை எழும்பி வந்தன.
மாசியில் விலா. படியால்.
சித்திரையில் தாடை. படியால்.
ஆவணியில் காது.
வேறு வேறு வாட்டு, வேறு வேறு டொக்டர்மார்.
ஒருவர் எழுதியதை மற்றவர் கண்டிருக்க வழியில்லை.
எல்லாரும் சந்திக்கும் இடம் என் மேசை.

விலாசம் பார்த்தேன்.
அரியாலைக்கு அங்கால், வீட்டுத்திட்டம்.
தங்கச்சிக்கும் அங்கே ஒரு வீடு.
இரண்டு அறை, ஒரு குசினி, தரையோடு தரை.
வாசலில் மட்டும்
ஒரு சாண் உயரத்தில் ஒரு படி.

இது என் வேலையா?
பேனையைத் திறந்தபடி கனநேரம் இருந்தேன்.
மின்விசிறி துண்டைத் தூக்கிப் பார்த்தது,
முழங்கையை வைத்தேன்.
எழுதினேன்: அந்த வீட்டில் படி ஒன்றுதான்.
நாலு தரம் எங்கிருந்து விழுந்தார்?
கீழே மூன்று பழைய திகதிகள்.
வியாழன் கிளினிக் என்று ஒரு கோடும் போட்டேன்.

இராசநாயகம் வெறுங்கையோடு வந்தார்.
'வாசிச்சவர். பொக்கற்றுக்குள்ள வைச்சவர்.
ஒண்டும் சொல்லேல்லை.'

வெள்ளி பின்னேரம் அவரே வந்தார்.
பதிவறைக்கு டொக்டர்மார் வருவதில்லை,
கதிரையும் ஒன்றுதான்.
எழும்பினேன். இருங்கோ என்றார்.
'நேற்று பிளாஸ்ரர் பார்க்க வந்தவா.
புருசனை வெளியில நிக்கச் சொல்லிப்போட்டுக்
கேட்டனான்.'
பைல் அடுக்கின் தூசியைக்
கொஞ்ச நேரம் விரலால் தேய்த்தார்.
'எழுதச் சொன்னவா. கீழ் அறை மிஸ்ஸிட்டயும்
கூட்டிக்கொண்டு போனனான்.
அதுக்கு உங்களிட்ட இலக்கம் இருக்கோ?'

இருக்கு என்றேன்.
வை ஏழு, புள்ளி பூச்சியம்.
சீட்டைக் கேட்டு வாங்கி
அந்த நாலெழுத்தைக் கோடிட்டு வெட்டிப்
பக்கத்தில் எழுதினார்,
பள்ளிக்கூடப் பிள்ளையின் எழுத்தில்,
ஒவ்வொன்றாய், நான் வாசிக்கும்படி.

'நான் உங்களைக் கணக்குப்பகுதி எண்டெல்லோ...'
'தெரியும் டொக்டர்.'

திங்கள் காலை முதற்சீட்டு:
ஆண், அறுபது, தொடை எலும்பு, விழுந்தது.
அடியில் பென்சிலால், பழைய எறும்பெழுத்தில்:
மாமரத்தால். ஏன் ஏறினவர் எண்டு மட்டும் கேளாதேங்கோ.

பதினாலு போட்டேன்.
சாப்பாட்டுக்குப் போகுமுன்
அந்தப் பெண்ணின் இலக்கத்தைத் தட்டினேன்.
புதிதாய் ஒன்றும் எழும்பவில்லை.
நாளைக்கும் தட்டிப் பார்ப்பேன்.