உம்

மண்டபம் வடக்குத் துறை, டோக்கன் அலுவலகம்.
அதிகாலை மூன்றுக்கு நான் எழுதிவைத்த நிரல்
எனக்கு முன்னால் எழுந்துவிடும்.
காற்றின் கணக்கை இறக்கும். அப்புறம்
அலையின் படம் வரையும். அப்புறம்
நூற்றுப் பதினேழு படகுக்குக் குறுஞ்செய்தி. அப்புறம்
டோக்கன் அச்சு.

அப்புறம் அப்புறம் என்று
ரேஷன் கடை வரிசையாய் நிற்கிற நிரல்.
முதல் ஆள் சில்லறைக்கு மடியைத் துழாவினால்
பின்னால் நிற்கிற எல்லாருக்கும் கால் கடுக்கும்.
பாம்பன் பக்கம் மழையென்றால்
இணையம் நூலாய் வடியும்,
காற்று இறங்கி முடிய ஐம்பது நிமிடம்.
அச்சு இயந்திரம் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டு
சும்மா உட்கார்ந்திருக்கும்.
வெளியே பெட்டிகளில் ஐஸ் உருகும்.
நம்புச்செல்வம் சன்னல் கம்பியில் சாவியால் தட்டுவார்:
"புள்ள, ஒம் பெட்டி இன்னும் தூங்குதா?"

கீழக்கரையிலிருந்து ஜகுபர் போனில் சொன்னான்,
வாயில் எதையோ மென்றபடி:
"வரிக் கடைசியில அந்தச் சுருட்டைக் குறியப் போடு.
கடை போர்டுல 'அண்ட் சன்ஸ்'க்கு நடுவுல இருக்குமே, அது.
வேலையப் பின்னால தள்ளிட்டு
நிரல் அடுத்த வரிக்கு நடந்துரும்."

போட்டேன்.
எனக்கொன்றும் அது அந்நியமாய் இல்லை.
நம் மொழியிலும் 'உம்' சொல்லின் வாலில்தான் வரும்.
காற்றும். அலையும். செய்தியும்.
இராப்பகல் என்கிறோமே,
அதற்குள் இரண்டு 'உம்' முகம் காட்டாமல் உழைக்கின்றன.
பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த உம்மைத்தொகை
இருபது வருடம் கழித்துத்
திரையில் ஓடியது.

பின்னால் அனுப்பிய ஒவ்வொன்றுக்கும்
கேட்டால் ஓர் எண் சொல்லும். 4127. 4128.
நானும் படகுகளுக்கு இதைத்தானே தருகிறேன்:
கையில் ஓர் எண்,
கண்ணெட்டாத இடத்தில் வேலை.

மூன்று இரண்டுக்கெல்லாம் 'முடிந்தது' என்றது நிரல்.
ஒன்பது நாள் எனக்கு ராணி மாதிரி இருந்தது.
இந்த வேலைகள் ஓடும்போது ஏதாவது முனகும்;
தொல்லையென்று அந்தப் பேச்சையெல்லாம்
பாழுங்கிணற்றுக்குத் திருப்பிவிட்டிருந்தேன்.

பத்தாம் நாள், புதன்.
காற்றை இறக்கப் போனது பாதியில் விழுந்தது.
கத்தியிருக்கும். கிணற்றில் யார் கேட்பது?
அலையை வரையப் போனதற்கு அது தெரியாது,
கோப்பில் கிடந்த நேற்றைய காற்றை எடுத்து
அழகாக ஒரு படம் வரைந்தது.
செய்தி போயிற்று: கடல் அமைதி.
நூற்றுப் பதினேழு படகுக்கும் போயிற்று.

எட்டு மணிக்குக் கச்சான் திரும்பியது.

நம்புச்செல்வம் பதினொன்றுக்கு வந்தார்,
சுக்கான் உடைந்த படகை இன்னொன்று கட்டியிழுக்க.
ஈரத்தில் கூழான டோக்கனை மேசையில் வைத்தார்.
திட்டவில்லை.
"அமைதின்னு வந்துச்சே புள்ள" என்றார்.
"உம்" என்றேன்.
எதோடும் எதையும் சேர்க்காத
ஓர் உம்.

அன்றிரவு ஒரே ஒரு சொல் சேர்த்தேன்: காத்திரு.
காற்று வரும்வரை அலை தூரிகையைத் தொடக் கூடாது.
டோக்கன் மட்டும் பின்னால் அச்சாகட்டும்,
முத்திரை நான் குத்துகிறேன்.
கிணற்றை மூடிவிட்டு
முனகலுக்கெல்லாம் ஒரு நோட்டு போட்டேன்.
திரும்பி வரும் ஒவ்வோர் எண்ணையும் நிறுத்தி
எப்படி முடிந்தாய் என்று கேட்கச் சொன்னேன்.
சுழியம் என்று பதில் வந்தால் சுகம்.
வேறெந்த எண்ணும் விபத்து.
கணக்கு வாத்தியார்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இப்போது 'முடிந்தது' வர மூன்றே முக்கால் ஆகிறது.
ஐஸ் கொஞ்சம் உருகத்தான் செய்கிறது.
சாவி கம்பியில் தட்டுகிறது.

சாயங்காலம் டோக்கன்களைத் திரும்ப வாங்கி அடுக்குகிறேன்.
முன்பு இந்த வேலையை அடுத்த நாளைக்குத் தள்ளுவேன்.
நூற்றுப் பதினைந்து. நூற்றுப் பதினாறு.
விளக்கை அணைக்கவா என்கிறார் காவலர் முனியாண்டி.

இருங்கண்ணே,
எண்பத்தெட்டு இன்னும் வரல.